பின்சீட்டு மேடம்

இதை ஒரு டாக்சி ஓட்டுநர் சொல்லித்தான் கேட்டேன். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பயணிகளிடமிருந்து இன்னொரு புகார் வந்தால் கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடும் என்பது மட்டும் நிச்சயம்.

பின்சீட்டில் ஏறியவள் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

“வணக்கம் மேடம். ஏசி போதுமா?”

“போதாது. எதுக்கு இப்படி ஊரைச் சுத்திக்கிட்டுப் போறீங்க?”

“அந்தப் பக்கம் பாலம் வேலை நடக்குது மேடம். பரவாயில்லன்னா அதுலயே போறேன்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. லொடலொடன்னு என்ன பேச்சு?”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க மேடம்.”

அவள் கைபேசியை எடுத்தாள்.

“எத்தனை ஸ்டார் போடட்டும்?”

“உங்க இஷ்டம் மேடம்.”

“அப்பாடா. நேத்து இந்த இடத்துலதான் எரிஞ்சு விழுந்தீங்க. நாளைக்கு வர்றவங்ககிட்டயும் இப்படியே இருங்க. வண்டியப் பூட்டிட்டு மேல வாங்க, சாப்பாடு ஆறுது.”

வீட்டு வாசலில் நின்ற கார் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு மனைவியின் பின்னால் படியேறினார்.

அதன்பிறகு புகார் வரவில்லை. அவர் இன்றும் அதே காரை ஓட்டுகிறார். விஷயம் தெரிந்ததும், புது ஓட்டுநர்களைப் பழக்குவதற்குக் கம்பெனி அவளை வேலைக்கு வைத்துக்கொண்டது. எல்லோரும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் உட்பட.