முதலுதவிப் பெட்டிச் சாவி

"சாவியைக் கொடுங்க ஆஞ்சலாம்மா. இன்னைக்கு ஷிப்மென்ட். டிராமா பேடா, வேணாம்."

மேனேஜர் ஞானசேகரன் கையை நீட்டியபடி நின்றார். நான் கொடுக்கவில்லை.

ஆடுகோடி ஏரியாவில் உள்ள இந்தச் சட்டைக் கம்பெனியில் நான்தான் லைன் சூப்பர்வைசர். முதலுதவிப் பெட்டிச் சாவி ஒன்பது வருடமாக என் இடுப்பில் தொங்குகிறது. பெட்டியில் பஞ்சு இருக்காது, பிளாஸ்திரி இருக்காது. பெயர் தெரியாதபடி நறுக்கிய அட்டையில் மஞ்சள் மாத்திரை மட்டும் தீரவே தீராது.

இடுப்பு வலியா, ஒரு மஞ்சள். மாதவிலக்கா, அதற்கும் அதுதான். விழுங்கிவிட்டுப் பெண்கள் அடுத்த காலரைத் தைப்பார்கள். கொடுத்த கை என்னுடையது. இல்லையென்று சாதிக்க நான் தயாராயில்லை.

இன்று பதினாலாம் மிஷின் ஷில்பாவுக்கு மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு மாதமாகத் தினமும் மாத்திரை கேட்டு வருகிறவள். கிடையாது, டாக்டரிடம் போ, கைக்கு ஓய்வு கொடு என்றேன். அதுதான் என் குற்றம்.

"மாத்திரையில என்ன விஷமா இருக்கு?" என்றார் மேனேஜர்.

விஷமில்லை. பல்வலிக்கு, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு நாள் போட்டால் நல்ல மருந்துதான். வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற சரக்கை உடம்பு சுரக்கவிடாமல் அடைத்துவிடும். ஆனால் வயிற்றின் உள்தோலுக்குக் காவலும் அதே சரக்குதான். கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

இங்கே பாத்ரூம் போக டோக்கன் கேட்க வேண்டும். அதனால் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வருகிறவர்கள் வேறு. அந்தக் காய்ந்த வயிற்றில்தான் தினம் தினம் மஞ்சள் இறங்குகிறது.

இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எப்ப டாக்டரானீங்க? சாவி இல்லேன்னா நாளையிலிருந்து வேலையும் இல்ல."

வேலை போனால் இலவச வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. கார்டும் போகும். அது இப்போது எனக்கு எவ்வளவு அவசியம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று வாரமாக இந்த ஏப்ரல் வெயிலிலும் நான் முழுக்கை ரவிக்கை போட்டு வருகிறேன். அக்கா ஸ்டைலை மாத்திட்டாங்க என்று லைனே கிண்டல் பண்ணுகிறது.

இடது கைத் துணியை முழங்கை வரை சுருட்டினேன்.

"ஷில்பா, இங்க வா. தொட்டுப் பாரு."

மணிக்கட்டுக்கு மேலே புதுத் தழும்பு. அதில் விரல் வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள மிஷின் ஓடுதே!"

"டயாலிசிஸுக்காக ரெண்டு ரத்தக் குழாயை இணைச்சு வச்சிருக்காங்க, ரத்தம் வேகமாப் பாயுற அதிர்வு அது. அடுத்த மாசம் ஆரம்பம். உங்களுக்கு ஒண்ணு கொடுத்தப்பல்லாம் நான் ரெண்டு போட்டுக்கிட்டேன்."

ஞானசேகரன் நீட்டிய கையைப் பான்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஷில்பா போய்த் தன் மிஷினை அணைத்தாள். பிறகு பதிமூன்றாம் மிஷின் நின்றது. பிறகு அந்த வரிசை. பிறகு எதிர் வரிசை.

ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது என் கை மட்டும்தான்.