மேம்பாலத்துக்குப் போன கார்

"கயல், நம்ம காரைக் கொண்டுபோய் மேம்பாலத்துல நிறுத்து. உடனே!" ஏரிக்கரை அலுவலகத்திலிருந்து போனில் பதறினார் இன்ஜினீயர் ஜவஹர்.

"ஏங்க, ஏரியத் திறக்கப் போறீங்களா? டிவியில ஒண்ணும் சொல்லலையே?"

"கேட்காதே. சொன்னதைச் செய்."

கயல் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். ஏரியைத் திறந்தால் பெருக்கெடுக்கும் அடையாற்றை ஒட்டிய தெரு. எத்தனை குடும்பங்கள்! இவருக்குக் கார்தான் முக்கியமா?

"அது ஸ்டார்ட்டே ஆகாதுங்க. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி!"

"ஆள் கூப்பிட்டுத் தள்ளு."

கொட்டும் மழையில், கூசிக்கொண்டே எதிர்வீட்டு ராம்குமாரை உதவிக்கு அழைத்தாள். கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஜன்னல்கள் திறந்தன.

"ஏரி இன்ஜினீயர் வீட்டு வண்டியே போவுது! கெளம்புங்கப்பா!" யாரோ கத்தினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவே மேட்டுப் பக்கம் ஓடியது.

கயல் மேம்பாலத்திலிருந்து போன் செய்தாள். "ஏங்க, நம்ம காரைப் பார்த்துட்டு எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க!"

"எல்லாருமா? கடைசி வீடு வரைக்குமா?"

"ஆமாங்க."

"அப்பாடா! மேலேருந்து உத்தரவு வராம நான் யாருக்கும் சொல்லக் கூடாது கயல். என் காரைத் தள்ளுறதுக்கு எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்?"