கறுப்புக் கரை

ஏரம்பரை நான் கொன்றது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் வீட்டுக் குளியலறையில். ஆயுதம் என்று பார்த்தால் ஒரு சிவப்பு பல்ப்பும் மூன்று பிளாஸ்ரிக் தட்டுகளும்தான்.

ஏரம்பர் பக்கத்து வீடு, கஜந்தினியின் தகப்பன். கஜந்தினி என்னைக் கட்ட ஓம் சொல்லி இரண்டு வருடம். தகப்பனிடம் கேட்கும்போதெல்லாம் "பாப்பம் தம்பி" என்பார். எங்கள் ஊர் உடுப்பிட்டியில் "பாப்பம்" என்றால் ஓமுமில்லை, இல்லையுமில்லை. நாய்க்குப் போட்ட எலும்பு மாதிரிக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அவரை மசிய வைக்க அவரையே பழைய பிலிம் கமராவில் படமெடுத்தேன். யூரியூப்பில் பார்த்துப் படித்து, குளியலறையை இருட்டாக்கி நானே பிரதி எடுக்கத் தொடங்கினேன். முதல் மூன்று தாளும் தார் றோட்டு மாதிரிக் கறுத்துப்போயின. நாலாவதில் ஏரம்பர் தட்டுக்குள் மெல்ல மெல்லத் தோன்றி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவைச் சட்டத்தில் சரியாகப் பொருத்தாததால் படத்தைச் சுற்றி ஒரு விரல் தடிப்பில் கறுப்புக் கரை விழுந்திருந்தது. பரவாயில்லை, பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஏரம்பர் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போயிருந்தார். கஜந்தினி அச்சுவேலியில் ரியூசன் படிப்பிக்கப் போயிருந்தாள். மனுசன் வந்ததும் முதலில் கண்ணில் படட்டும் என்று, பூட்டிக் கிடந்த அவர்களின் கேற்றிலேயே படத்தைக் கிளிப் போட்டுக் காய விட்டேன். பிறகு, கரையில்லாத பிரதி ஒன்று எடுக்கத் திரும்பவும் இருட்டுக்குள் புகுந்தேன்.

அரை மணித்தியாலத்தில் வெளியே ஒப்பாரி.

"ஆர் செத்தது, அம்மா?" கதவைத் திறக்காமலே கத்தினேன். படத்தாள் பெட்டி திறந்து கிடந்தது. வெளிச்சம் பட்டால் அவ்வளவும் நாசம்.

"ஏரம்பண்ணை மோசம் போயிட்டாராமடா!"

பெட்டியாவது மண்ணாங்கட்டியாவது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினேன்.

கேற்றடியில் நாற்பது பேர். எல்லாரும் பார்த்து அழுத பக்கம் நானும் பார்த்தேன். என்னுடைய படம். கறுப்பு வெள்ளை முகம், சுற்றிவரக் கறுப்புக் கரை, கீழே ஆரோ வைத்த செவ்வரத்தம்பூ. எங்கள் ஊரில் அப்படி ஒரு படம் கேற்றில் தொங்கினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

"மாமி, அவர் சாகேல்லை!" என்றேன், முன்வீட்டுச் சிவக்கொழுந்து மாமியிடம்.

"ஓமடா தம்பி. எங்கடை மனசிலை இருக்கிறார்."

"ஐயோ, அது நான் காயப் போட்டது!"

"அழு ராசா, அழு. அடக்கி வைச்சா விசராக்கும்."

"வீடு பூட்டிக் கிடக்கே?" என்றார் ஒருவர்.

"அப்ப பிரேதம் ஆஸ்பத்திரியிலை," என்றார் இன்னொருவர். விசயம் உறுதியாகிவிட்டது.

"கொள்ளி வைக்க ஆர் இருக்கினம்? பெட்டை ஒண்டுதானே."

"லண்டனிலை ஏரம்பண்ணையின்ரை தம்பியின்ரை மோன் மயூரதன் நிக்கிறான். பொறுங்கோ, எடுக்கிறன்." மாமி போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டார்.

மயூரதன் தலையணையிலிருந்து தலையைத் தூக்காத குரலில் பேசினான். "பெரியப்பாவோ? சரியான கவலை, மாமி. எனக்கு லீவு இல்லை. ஆரையும் பிடிச்சுக் கொள்ளியை வைப்பியுங்கோ. லைவ் போட்டா நான் படுத்திருந்து பாக்கிறன்."

பின்னால் ஆரோ செருமினார்கள். நெற்றி நிறைய விபூதியோடு, சைக்கிளைப் பிடித்தபடி ஏரம்பர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மாமி போனையும் விட்டுவிட்டு என்மேல் மயங்கி விழுந்தார்.

"உந்தப் படத்தை ஆர் இதிலை கொழுவினது?"

"நான்தான், மாமா. காயப் போட்டனான்."

"உந்தக் கறுப்புக் கரை?"

"அது... பிழையா விழுந்தது."

அவர் படத்தைப் பார்த்தார். மண்ணில் கிடந்து "ஹலோ, ஹலோ" என்று கத்திய போனைப் பார்த்தார். குனிந்து எடுத்து அதை நிற்பாட்டினார்.

எப்படியும் எல்லாம் முடிந்துவிட்டது. 'இல்லை' என்ற சொல்லையாவது முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போவோம் என்று, மாமியை ஒரு தோளில் தாங்கியபடியே வாயைத் திறந்தேன்.

"மாமா, ரெண்டு வரியமாப் பாப்பம் பாப்பம் எண்டுறியள். இண்டைக்கு நேர சொல்லிப்போடுங்கோ. கஜந்தினியைத் தருவியளோ, மாட்டியளோ?"

ஏரம்பர் படத்தைக் கழற்றிச் சேட்டுக்குள் வைத்தார்.

"தாறன். ஆனா கொள்ளி நீதான் வைக்கோணும்."