ஆறாவது போன்

"சார், உங்க கதைகளுக்கு வாசகர்கள் அனுப்பின அன்பளிப்பை ஒரு வருஷமா நீங்க வாங்கிக்கவே இல்லை. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பேங்க் நம்பர் குடுக்கலைன்னா எல்லாம் கம்பெனிக்குப் போயிடும்."

எழுத்தாளர்கள் தாங்களே கதை போடும் இணையதளத்தின் அலுவலகத்திலிருந்து அவள் அவரை அழைப்பது இது ஆறாவது முறை. ஐந்து முறையும், "ஆளை விடும்மா" என்று வைத்துவிட்டார். இன்று வைக்கவில்லை.

"எவ்வளவும்மா தேறும்?"

"சின்னத் தொகைதான் சார். ஆனா ஒரு ஆஸ்பத்திரி ஆயா, 'பேனா வாங்கிக்குங்க'ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அது வீணாப் போகக்கூடாது."

"அடடா. நீ சாப்பிட்டியாம்மா?"

மனிதர் இறங்கி வருகிறார் என்று அவளுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் எத்தனை பேர் போன் பேசுகிறார்கள், மேனேஜர் திட்டுவாரா என்று அவர் கேட்டதற்கெல்லாம் அரை மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"நம்பர் சார்?"

"நாலரைக்குச் சொல்றேன்."

நாலரைக்குப் போன் வரவில்லை. தளத்தில் அவருடைய புதுக் கதை வந்தது. தலைப்பு, 'பேங்க் நம்பர் கேட்ட மோசடிக்காரி'. அவள் இன்னும் சாப்பிடவில்லை என்பது வரை, சொன்னது ஒன்று விடாமல் அதில் இருந்தது.

ஐந்து மணிக்குப் பழைய அன்பளிப்பெல்லாம் கம்பெனிக்குப் போனது. ஆறு மணிக்குள் புதுக் கதைக்கு இருநூறு பேர் அன்பளிப்பு அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ரைட்டருக்குக் கொட்டுது போலிருக்கே. உடனே போன் போட்டு பேங்க் நம்பர் வாங்கும்மா."