மிக்கோன் என்று எழுது

எழுத்துத் தெரியும் என்று பொய் சொல்லித்தான் களிமண் மிதிக்கும் குழியிலிருந்து நான் மேலே ஏறினேன். ஜாடிப் பட்டறை முதலாளி பாம்பிலோஸ் நம்பித் தூரிகையைக் கொடுத்தார். ஜாடிகளில் படத்துக்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி எதையாவது கிறுக்கி வைப்பேன். அவை கடல் கடந்து போய்விடும். யாரும் படித்துக் கேட்டதில்லை.

அன்று உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். கண் குழி விழுந்திருந்தது.

"மகனோட கல்லறையில வைக்க எண்ணெய் ஜாடி வேணும்பா. செத்தவங்களை ஆத்தைக் கடத்துற படகுக்காரனை வரை. பக்கத்துல மிக்கோன்னு என் மகன் பேரெழுது."

வழக்கம்போலக் கிறுக்கினேன். சூளை பிரித்த நாளில் அவர் வந்து, ஜாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கிறுக்கலின் மேல் விரலை ஓட்டினார்.

"தப்பிருந்தா சொல்லுங்க. இந்தத் தடியனை வெள்ளிச் சுரங்கத்துக்கு வித்துடறேன்," என்று முதலாளி சிரித்தார். சுரங்கத்துக்குப் போன அடிமை எவனும் திரும்பி வந்ததில்லை.

"ஒரு தப்பும் இல்லை."

இவருக்கும் எழுத்துத் தெரியாதுபோல என்று மூச்சு விட்டேன்.

முதலாளி என் முதுகில் தட்டினார். "ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்குற வாத்தியாரு, அவரே சரின்னுட்டாரு. பிழைச்சடா!"

முதலாளி உள்ளே போனதும் நான் வாத்தியார் பக்கத்தில் போனேன். "ஐயா... நான்..."

வாத்தியார் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மகன் கையில எழுதுற பலகையைக் குடுத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவனும் அவன் பேரை இப்படித்தான்பா எழுதுவான்."