செயின் உரசும் சத்தம்

குருக்கள்மடத்து வீட்டு வளவில் பின்னேர வெயில் சரிகிறது. வாவிக் காற்றில் மண்ணெண்ணெய் மணக்கிறது. இராசதுரை தன் அத்தானின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெயில் தோய்த்த தேங்காய்த் தும்பால் துருவைத் தேய்க்கிறான். இராணுவச் சுற்றிவளைப்பில் அத்தானைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து மாட்டுக்கொட்டிலில் கிடந்த சைக்கிள். நாளை முதல் அத்தானின் மகள் தவமலர் அதில்தான் களுவாஞ்சிக்குடித் தையற்கடைக்குப் போகவேண்டும், வழியெல்லாம் காவலரண்கள். மிதிகட்டையைக் கையால் சுற்றிப் பார்க்கிறான். நெளிந்த செயின் கவரில் செயின் உரசிக் 'கரக் கரக்' என்கிறது. முன்பெல்லாம் அத்தான் வீடு திரும்பும்போது இந்தச் சத்தம் கோயிலடித் திருப்பத்திலேயே கேட்டுவிடும். குசினிக்குள்ளிருந்து சீதேவி அக்கா, கால் கழுவச் செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு ஓடிவருகிறாள். வந்தவள் அப்படியே நிற்கிறாள். செம்பு தளும்புகிறது. "மாமா, அந்தக் கவர நிமித்தி விடுங்க," என்கிறாள் தவமலர் மெதுவாக. "இல்லாட்டி அம்மா ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் ஓடி வருவா." இராசதுரை சுத்தியலை எடுக்கிறான். "அது கிடக்கட்டும் தம்பி," என்கிறாள் அக்கா. "பொழுதுபட முந்தி இவள் வந்திட்டாள் எண்டு எனக்குத் தெரிய வேணாமா?"