குடிபூரல் மாடு

புதுவீட்டு வாசலில் சீருடையோடு நின்ற பெண்ணைக் கண்டதும் சிவபாதம் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அங்கிள், நான் லக்ஷிகா. அனிமல் வெல்ஃபெயர் இன்ஸ்பெக்டர். உங்கட கராஜில மாடு நிக்குதெண்டு முன்வீட்டுக்காரர் கொம்பிளெயின்ட் பண்ணியிருக்கினம்."

"ஓம் பிள்ளை, புதுவீடு குடிபூரலுக்கு எடுத்தனாங்கள். பிழையோ?"

"காலமையில இருந்து தண்ணிகூடக் குடுக்கேல்லையாம்?"

சிவபாதம் குழம்பினார். "அதுக்கு ஏன் பிள்ளை தண்ணி?"

லக்ஷிகாவின் முகம் இறுகியது. "எப்பிடிக் கொண்டுவந்தனீங்கள்?"

"வான் வண்டியில. சரிச்சுக் கிடத்தி, காலைக் கயித்தால கட்டி. இறக்கேக்க ஒரு காது கழண்டுபோட்டுது."

"ஐயோ! டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"டொக்டரோ? குளூ போட்டு ஒட்டிப்போட்டம்."

லக்ஷிகா பதறிப்போய்க் கராஜுக்குள் ஓடினாள். கழுத்தில் மாலையோடு அசையாமல் நின்ற பசுவைத் தொட்டாள். 'டொக்' என்றது. ஃபைபர் கிளாஸ். வயிற்றில் டெக்கரேஷன்காரரின் ஃபோன் நம்பர்.

"உயிர்மாட்டை இந்த நாட்டில வீட்டுக்க விடமாட்டினம்தானே பிள்ளை. அதுதான் இதை வாடகைக்கு எடுத்தனாங்கள்" என்றார் பின்னால் ஓடிவந்த சிவபாதம், இன்னும் ஒன்றும் விளங்காமல்.

லக்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இஞ்ச ஒருத்தரும் பட்டினி இல்லை. நான் வாறன் அங்கிள்."

கராஜை ஒட்டிய குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி புஸ்பராணியின் குரல் வந்தது.

"ஆர் சொன்னது? ஐயர் வருமட்டும் வாயில ஒண்டும் வைக்கக்கூடாதெண்டு, விடியத் தொடக்கம் வெறும் வயித்தோட அடுப்படியில நிக்கிறன். வந்ததுக்கு என்னையும் ஒருக்காச் செக் பண்ணிப்போட்டுப் போ பிள்ளை!"